முருங்கைக்காய்ச் சக்கை எங்கே போகிறது? சத்துணவுத் தட்டிலிருந்து தொடங்கும் ஓர் அறிவியல் பாடம்!

மதிய உணவு மணி அடித்துவிட்டது. அரசு நடுநிலைப் பள்ளி ஒன்றின் வராண்டாவில் பிள்ளைகள் வரிசையாக அமர்ந்து சாம்பார் சாதமும் முட்டையும் சாப்பிட்டு முடிக்கிறார்கள். அடுத்தது குழாயடி. தட்டுகள் கழுவப்பட்ட இடத்தில் நாலைந்து பருக்கைகள், கறிவேப்பிலை, மென்று துப்பிய முருங்கைக்காய்ச் சக்கை. முதலில் காக்கை வருகிறது. அப்புறம் எறும்பு. மிச்சத்தை ஆயாம்மா மரத்தடிக் குழியில் கூட்டித் தள்ளுகிறார்.

தமிழ்நாட்டில் எந்தப் பள்ளியிலும் பார்க்கக்கூடிய காட்சிதான் இது. இரண்டு மாதம் கழித்து அதே குழியைக் கிளறினால் சக்கையைக் காணோம்.

"எங்கே போச்சு?"

ஏழாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இந்தக் கேள்வியைக் கேட்டுப்பாருங்கள். "மக்கிப் போச்சு", "மண்ணோட மண்ணாயிடுச்சு" என்று சட்டென்று பதில் வரும். தப்பில்லை. "மண்ணாயிடுச்சுன்னா, என்னவா ஆச்சு?" என்று அடுத்த கேள்வியைக் கேட்டால்தான் வகுப்பு அமைதியாகிவிடும். சூழல் மண்டலம், சத்துச் சுழற்சி என்று பாடப்புத்தகம் சொல்லும் விஷயம் முழுவதும் அந்த அமைதிக்குள்தான் இருக்கிறது.

அம்புக்குறிகளுக்குள் தொலைந்த பாடம்

நைட்ரஜன் சுழற்சிப் படம் நினைவிருக்கிறதா? மேலே மேகம், கீழே மண், நடுவில் ஒரு மாடு, சுற்றிலும் அம்புக்குறிகள். 'நைட்ரஜன் நிலைநிறுத்தம்', 'அமோனியாவாதல்', 'நைட்ரேட்டாதல்' என்று வாய்க்குள் நுழையாத சொற்கள். படத்தை வரைந்து பாகங்களைக் குறித்தால் மதிப்பெண் கிடைத்துவிடும். தேர்வு முடிந்த மறுநாள் படமும் மறந்துவிடும்.

உயிர்களையும், அவை வாழும் மண், நீர், காற்றையும் சேர்த்து ஒரே அமைப்பாகப் பார்க்க வேண்டும் என்று சொன்னவர் இங்கிலாந்தின் தாவரவியலாளர் ஆர்தர் டான்ஸ்லி. 'எகோசிஸ்டம்' என்ற சொல்லை 1935-ல் ஒரு கட்டுரையில் அவர் அறிமுகப்படுத்தினார். அந்தச் சொல்லுக்கு முன்பும் காடு இருந்தது, குளம் இருந்தது. இவையெல்லாம் தனித்தனிப் பொருள்கள் அல்ல, ஒன்றுக்கொன்று கொடுக்கல் வாங்கல் உள்ள உறவு என்பதுதான் டான்ஸ்லி சேர்த்த விஷயம். பிள்ளைகளுக்குப் போய்ச் சேர வேண்டியதும் அந்தக் கொடுக்கல் வாங்கல்தான்.

மரத்தின் எடை எங்கிருந்து வந்தது?

வகுப்பில் ஒரு புளியங்கொட்டையையும் ஒரு விறகுக் கட்டையையும் கொண்டுவந்து வையுங்கள். "இவ்வளவு சின்ன விதை இவ்வளவு பெரிய மரமா ஆச்சே, அந்த எடையெல்லாம் எங்கேயிருந்து வந்துச்சு?" என்று கேளுங்கள். பெரும்பாலும் "மண்ணுல இருந்து" என்றுதான் பதில் வரும்.

பெரியவர்களும் இதில் தடுமாறுகிறார்கள். 1997-ல் வெளியான 'மைண்ட்ஸ் ஆஃப் அவர் ஓன்' என்ற அமெரிக்க ஆவணப்படத்தில், புகழ்பெற்ற பல்கலைக்கழகங்களில் பட்டம் வாங்கிய கையோடு வந்தவர்களிடம் கிட்டத்தட்ட இதே கேள்வியைக் கேட்டார்கள். மண், தண்ணீர் என்றுதான் பலரும் சொன்னார்கள்.

இந்தக் கேள்விக்கு 17-ம் நூற்றாண்டிலேயே ஒருவர் தராசு பிடித்துப் பார்த்தார். இன்றைய பெல்ஜியம் பகுதியில் வாழ்ந்த வான் ஹெல்மான்ட்தான் அவர். உலர்த்திய மண் 200 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 90 கிலோவை ஒரு தொட்டியில் போட்டு, 5 பவுண்டு எடையுள்ள வில்லோ மரக்கன்றை நட்டார். ஐந்து ஆண்டுகள் தண்ணீர் மட்டுமே ஊற்றினார். முடிவில் மரத்தின் எடை 169 பவுண்டு, அதாவது சுமார் 77 கிலோ. மண்ணை மீண்டும் உலர்த்தி நிறுத்தால், குறைந்திருந்தது வெறும் 2 அவுன்ஸ். நம் கணக்கில் 60 கிராம்கூட இல்லை!

மரம் முழுவதும் தண்ணீரிலிருந்தே வந்தது என்று அவர் முடிவு கட்டினார். அதில் பாதிதான் உண்மை. காற்றில் 0.04 சதவிகித அளவே இருக்கும் கார்பன் டை ஆக்ஸைடை இலைகள் இழுத்து, தண்ணீரோடும் வெயிலோடும் சேர்த்துச் சமைத்ததுதான் மரத்தின் பெரும்பகுதி. இது அவருக்குப் பின்னால் வந்தவர்கள் கண்டுபிடித்தது.

மண்ணில் குறைந்த அந்தச் சொற்பக் கிராம்கள்தான் இந்தப் பாடத்தின் மையம். தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து என்று நம் விவசாயிகள் சொல்லும் நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம் எல்லாம் அந்தக் கணக்கில்தான் வருகின்றன. அளவு கொஞ்சம்தான். ஆனால், அது இல்லாமல் ஒரு தளிர்கூட விடாது. அந்தக் கொஞ்சத்தைத்தான் இயற்கை திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிறது.

சோறு தீர்ந்துவிடும், தட்டு திரும்பி வரும்

மாணவர்கள் அதிகம் குழம்பும் இடம் ஒன்று உண்டு. ஆற்றல் ஒரு வழியாகப் போகிறது, சத்துகள் வட்டமாகச் சுற்றுகின்றன என்று பாடம் சொல்கிறது. இரண்டையும் ஒன்றாக்கி, 'ஆற்றல் சுழற்சி' என்று எழுதிவிடுபவர்கள் ஏராளம்.

இதைப் புரியவைக்கச் சத்துணவுத் தட்டே போதும். தட்டில் விழும் சோற்றை ஒரு முறைதான் சாப்பிட முடியும். நாளைக்குப் புதிதாக உலை வைத்தாக வேண்டும். ஆற்றலும் அப்படித்தான். சூரியன் தினமும் புதிதாகக் கொடுத்தாக வேண்டும். புல்லிலிருந்து வெட்டுக்கிளிக்கு, வெட்டுக்கிளியிலிருந்து தவளைக்கு, தவளையிலிருந்து பாம்புக்கு என ஒவ்வொரு படியிலும் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு ஆற்றல்தான் கைமாறுகிறது. மிச்சமெல்லாம் பெரும்பாலும் வெப்பமாகக் கரைந்துவிடுகிறது. உணவுச் சங்கிலியின் ஆற்றல் கணக்குக்கு அடித்தளம் போட்டவர் ரேமண்ட் லிண்டேமன் என்ற அமெரிக்க இளைஞர். ஓர் ஏரியை ஆராய்ந்து அவர் எழுதிய கட்டுரை 1942-ல் அச்சானபோது அவர் உயிரோடு இல்லை. 26 வயதில் காலமாகிவிட்டார்.

சோறு தீர்ந்தாலும் தட்டு அப்படியே இருக்கிறது அல்லவா? கழுவினால் நாளைக்கு இன்னொருவர் அதே தட்டில் சாப்பிடலாம். நைட்ரஜனும் பாஸ்பரஸும் அந்தத் தட்டு மாதிரி. புதிதாகச் செய்வதில்லை, இருப்பதுதான் கை மாறிக்கொண்டே இருக்கிறது.

அப்படியென்றால் தட்டைக் கழுவுவது யார்? பாக்டீரியா, பூஞ்சை, மண்புழு, கரையான். இவற்றைப் பார்த்து முகம் சுளிக்கும் பிள்ளைகளிடம், "ஒரு வாரம் யாருமே தட்டு கழுவலைன்னா பள்ளிக்கூடத்தில் என்ன ஆகும்?" என்று கேட்டால் போதும். மீதியை அவர்களே சொல்லிவிடுவார்கள்.

ஒரு கடலைச் செடியைப் பிடுங்கினால்...

நாம் சுவாசிக்கும் காற்றில் 78 சதவிகிதம் நைட்ரஜன். அத்தனை இருந்தும் செடியால் அதை நேரடியாக எடுத்துக்கொள்ள முடியாது. கடல் நடுவே நின்றுகொண்டு குடிதண்ணீருக்குத் தவிப்பதுபோலத்தான். அந்த நைட்ரஜனைச் செடிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் ஆட்கள் வேண்டும்.

அந்த ஆட்களைப் பார்க்கப் பெரிய ஆய்வகம் தேவையில்லை. நிலக்கடலை, தட்டைப்பயறு, உளுந்து என ஏதாவது ஒரு செடியை வேரோடு பிடுங்கி, மண்ணை மெதுவாகக் கழுவினால் வேரில் கடுகு போலச் சின்னச் சின்ன முடிச்சுகள் தெரியும். நகத்தால் கிள்ளிப் பார்த்தால் உள்ளே இளஞ்சிவப்பு. நம் ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபினுக்கு உறவான ஒரு பொருளின் நிறம் அது. உள்ளே ரைசோபியம் பாக்டீரியாக்கள் வேலையில் இருக்கின்றன என்பதற்கு அந்த நிறமே அடையாளம். செடி அவற்றுக்குச் சர்க்கரை கொடுக்கிறது. அவை செடிக்கு நைட்ரஜன் கொடுக்கின்றன.

காவிரி டெல்டாவில் சம்பா நெல் அறுவடைக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பு ஈரம் காயாத வயலில் உளுந்து, பச்சைப்பயறு விதைப்பார்கள். நெல் எடுத்த வயலில் பயறு எழும். அதன் வேர் முடிச்சுகள் தழைச்சத்தை நிலைநிறுத்தும். தாத்தா செய்ததை, அப்பா செய்வதைப் பாடப்புத்தகம் 'நைட்ரஜன் நிலைநிறுத்தம்' என்கிறது என்று தெரிந்தால் அந்தப் பிள்ளைக்கு வரும் பெருமிதம் தனி.

அடுத்து யூரியா மூட்டை. காற்றிலிருக்கும் நைட்ரஜனை அமோனியாவாக மாற்ற முடியும் என்று 1909-ல் ஆய்வகத்தில் செய்து காட்டினார் ஜெர்மனியின் ஃபிரிட்ஸ் ஹேபர். அதைத் தொழிற்சாலை அளவுக்குக் கொண்டுபோனவர் கார்ல் போஷ். 1913-ல் உற்பத்தி தொடங்கியது. பாக்டீரியா சத்தமில்லாமல் வேருக்குள் செய்யும் வேலையை, அதிக வெப்பத்தையும் அழுத்தத்தையும் கொடுத்து மனிதன் செய்தான். இன்று உலகில் ஏறத்தாழ பாதிப் பேரின் சாப்பாடு இந்த வழியில் கிடைத்த நைட்ரஜனை நம்பியிருக்கிறது என்பது அறிவியலாளர்களின் மதிப்பீடு. உரமே வில்லன் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது சரியாக இருக்காது. கணக்கைச் சொல்லிக்கொடுக்கலாம்.

யூரியாவில் 46 சதவிகிதம் நைட்ரஜன். 45 கிலோ மூட்டையில் எவ்வளவு? பெருக்கினால் 20.7 கிலோ. ஒரு டன் நெல் விளைய, பயிர் எடுத்துக்கொள்ளும் நைட்ரஜன் சுமார் 15 முதல் 20 கிலோ. அப்படியானால் டன்னுக்கு ஒரு மூட்டை போதுமா? போதாது. போடுகிற யூரியாவில் பாதிக்கும் குறைவாகத்தான் பொதுவாக நெற்பயிருக்குப் போய்ச் சேர்கிறது. மிச்சம் காற்றில் ஆவியாகிறது, தண்ணீரில் கரைந்து ஓடுகிறது. இந்த இழப்பைக் குறைப்பதற்காகத்தான் நாட்டில் தயாராகும் யூரியா முழுவதிலும் வேப்பெண்ணெய் பூச வேண்டும் என்று 2015-ல் மத்திய அரசு கட்டாயமாக்கியது. யூரியாவை நைட்ரேட்டாக மாற்றும் மண் பாக்டீரியாக்களின் வேகத்தை வேம்பு குறைக்கிறது. மூட்டையில் 'வேம்பு பூசியது' என்று எழுதியிருப்பதைப் படித்துவிட்டு 'ஏன்?' என்று கேட்கும் பிள்ளை, பாதிப் பாடத்தைப் படித்துவிட்டதாக அர்த்தம்.

பகடை உருட்டினால் பயணம்!

வகுப்பறைக்குள்ளேயே ஆடக்கூடிய ஒரு விளையாட்டும் இருக்கிறது. அமெரிக்காவின் யூகார் அறிவியல் கல்வி மையம் ஆசிரியர்களுக்காகத் தரும் நைட்ரஜன் பயண விளையாட்டு அது. வகுப்பைச் சுற்றிக் காற்று, மண், மழைநீர், கடல், செடி, விலங்கு, உரம் என்று அட்டைகளை ஒட்டிவிட வேண்டும். ஒவ்வொரு மாணவரும் ஒரு நைட்ரஜன் அணு. நிற்கும் இடத்தில் பகடையை உருட்டினால், அடுத்து எங்கே போக வேண்டும் என்று எண் சொல்லும். போன இடங்களையெல்லாம் 'பாஸ்போர்ட்'டில் குறித்துக்கொள்ள வேண்டும்.

பகடை இல்லையென்றால் தாயக்கட்டை போதும். பரமபதம் ஆடிய பிள்ளைகளுக்கு விதிகளை விளக்கவே வேண்டாம்.

விளையாடி முடித்ததும் பாஸ்போர்ட்டுகளை ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் முக்கியம். ஒருவர் மண்ணுக்கும் செடிக்கும் இடையிலேயே சுற்றியிருப்பார். இன்னொருவர் கடலில் போய் மாட்டியிருப்பார். எல்லா அணுவும் புத்தகப் படத்தில் இருக்கும் அதே வரிசையில் போவதில்லை என்பது அப்போதுதான் பிடிபடும்.

புதைத்துப் பார்ப்போம்!

செலவில்லாத மூன்று சோதனைகள் இதோ...

1. வேட்டித் துண்டு சோதனை: 'உள்ளாடையைப் புதையுங்கள்' என்று வெளிநாட்டு விவசாயிகளிடையே ஒரு வேடிக்கையான பிரசாரம் உண்டு. பருத்தி உள்ளாடையை இரண்டு மாதம் மண்ணில் புதைத்து, எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று பார்ப்பார்கள். நாம் பழைய பருத்தி வேட்டியைக் கிழித்து ஒரே அளவில் துண்டுகளாக்கிக்கொள்ளலாம். ஒன்று மரத்தடியில், ஒன்று விளையாட்டு மைதானத்தின் இறுகிய மண்ணில், ஒன்று எருக்குழியில். எந்த இடத்தில் துணி சீக்கிரம் இற்றுப்போகிறதோ, அங்கே 'தட்டு கழுவுபவர்கள்' அதிகம்.

2. வெங்காயப் பை சோதனை: வெங்காயம் வரும் வலைப்பைகளில் வாழைப்பழத் தோல், வேப்பிலை, முருங்கைக்காய்ச் சக்கை, பிஸ்கட் உறை ஆகியவற்றைத் தனித்தனியாகக் கட்டிப் புதைக்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை எடுத்துப் பார்த்துக் குறித்துவைக்கலாம். எது முதலில் காணாமல் போகிறது, எது அசையாமல் கிடக்கிறது என்று பிள்ளைகளே பார்த்துவிடுவார்கள்.

3. பாட்டிலில் ஒரு குளம்: ரஷ்ய விஞ்ஞானி செர்கேய் வினோகிராட்ஸ்கி 19-ம் நூற்றாண்டின் இறுதியில் பயன்படுத்திய முறை இது. குளத்துச் சேற்றில் கிழித்த செய்தித்தாள், பொடித்த முட்டை ஓடு, கொஞ்சம் மஞ்சள் கரு கலந்து, கண்ணாடி போன்ற பாட்டிலில் முக்கால் பாகம் நிரப்பி, மேலே குளத்து நீர் ஊற்றி வெளிச்சம் படும் இடத்தில் வைக்க வேண்டும். சில வாரங்களில் பச்சை, ஊதா, கறுப்பு என்று அடுக்கடுக்காக நிறங்கள் தோன்றும். ஒவ்வொரு நிறமும் ஒரு நுண்ணுயிர்க் கூட்டம். ஒன்றின் கழிவு இன்னொன்றின் உணவு.

கவனம்: பாட்டிலுக்குள் வாயு சேரும் என்பதால் மூடியை இறுக்கக் கூடாது. அழுகிய முட்டை வாடை வரும். காற்றோட்டமான இடத்தில்தான் வைக்க வேண்டும். சோதனை எதுவானாலும் மண்ணைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவது கட்டாயம்.

வட்டம் அறுந்தால் என்ன ஆகும்?

இது வெறும் மதிப்பெண் விஷயம் அல்ல. ஊர்க் குளத்தை ஆகாயத்தாமரை மூடிக் கிடப்பதைப் பார்க்காத பிள்ளை இருக்க முடியாது. வயலில் மிஞ்சிய உரமும் வீட்டுச் சாக்கடையும் கொண்டுவந்து சேர்க்கும் நைட்ரஜனும் பாஸ்பரஸும்தான் அதற்குத் தீனி. வளர்ந்தது செத்து அழுகும்போது தண்ணீரில் இருக்கும் ஆக்ஸிஜன் தீர்ந்து, மீன் மிதக்கிறது. வயலுக்குச் சத்தாக இருந்தது குளத்துக்கு நஞ்சாகிறது. பொருள் ஒன்றுதான், இடம்தான் மாறிவிட்டது.

சென்னைப் பிள்ளைகளுக்குப் பெருங்குடி, கொடுங்கையூர் குப்பை மேடுகளே பாடம். அங்கே போய்ச் சேரும் காய்கறித் தோலும் மிச்ச சோறும் ஏதோ ஒரு வயலின் சத்து. ஆனால், அது வயலுக்குத் திரும்புவதில்லை. மலையாகக் குவிந்து, காற்றுப் புகாத அடுக்குகளில் அழுகி மீத்தேன் வாயுவாகிறது. புவி வெப்பத்துக்குக் காரணமான வாயுக்களில் ஒன்று அது. சத்துணவுக்கூடத்தின் கழுவாத தட்டுக் குவியல்தான் குப்பை மேடு.

மணிச்சத்தான பாஸ்பரஸின் கதை இன்னும் நெருக்கடியானது. நைட்ரஜனைக் காற்றிலிருந்து பிடித்துவிடலாம். பாஸ்பரஸ் பாறையிலிருந்துதான் வர வேண்டும். அந்தப் பாறையின் பெரும் இருப்பு மொராக்கோ பகுதியில் இருக்கிறது. இந்தியா தன் தேவைக்குப் பெரும்பாலும் இறக்குமதியையே நம்பியிருக்கிறது. குப்பைக்குப் போகும் ஒவ்வொரு கைப்பிடிச் சத்தும், கப்பலேறி வந்ததாக இருக்கலாம்.

இயற்கையும் இந்தச் சத்தைக் கண்டம் விட்டுக் கண்டம் அனுப்புகிறது. ஆப்பிரிக்காவின் சாட் நாட்டில் போடெலே என்ற வறண்ட ஏரிப் படுகை இருக்கிறது. அங்கிருந்தும் சகாராவின் பிற பகுதிகளிலிருந்தும் கிளம்பும் புழுதி அட்லான்டிக் கடலைத் தாண்டி அமேசான் காட்டில் விழுகிறது. ஆண்டுக்குச் சுமார் 22,000 டன் பாஸ்பரஸ் இப்படிப் போய்ச் சேர்வதாக, நாசாவின் செயற்கைக்கோள் தகவல்களைக் கொண்டு 2015-ல் விஞ்ஞானிகள் கணக்கிட்டார்கள். மழையில் அமேசான் இழக்கும் பாஸ்பரஸும் ஏறக்குறைய அதே அளவுதானாம். ஒரு பாலைவனம் ஒரு மழைக்காட்டுக்கு உரம் போடுகிறது. இந்தக் கதையைச் சொல்லிவிட்டு உலக வரைபடத்தைக் காட்டினால், கடைசி பெஞ்சும் எழுந்து நின்று பார்க்கும்.

வீட்டிலும் தொடரலாம்

பிள்ளைகளின் அறிவியல் பாடத்துக்குப் பெற்றோர் செய்ய வேண்டியது அதிகமில்லை. அடியில் துளையிட்ட பழைய பக்கெட் ஒன்று. காய்கறித் தோல் ஒரு பங்கு போட்டால், காய்ந்த இலையோ கிழித்த அட்டையோ இரண்டு பங்கு. மேலே ஒரு பிடி மண் அல்லது புளித்த மோர். வாரம் ஒரு முறை கிளறல். நாற்றம் அடித்தால் ஈரம் அதிகம். காய்ந்த இலையைச் சேர்க்கவும். மக்காமல் கிடந்தால் ஈரம் போதாது, தண்ணீர் தெளிக்கவும். இரண்டு, மூன்று மாதங்களில் மழை பெய்த மண் வாசனையோடு கறுப்பு எரு தயார். கிளறும் பொறுப்பைப் பிள்ளையிடமே விட்டுவிடுங்கள். கைவிட்டுப் பார்த்தால் குப்பை சூடாக இருப்பதும் சில நாள் தெரியும். கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான உயிர்கள் வேலை செய்யும் சூடு அது!

அந்த எருவைப் பள்ளியின் கறிவேப்பிலைக் கன்றுக்கோ முருங்கைப் போத்துக்கோ போடலாம். அடுத்த ஆண்டு அந்த மரத்தின் இலையும் காயும் சாம்பாரில் விழும். அப்போது மறுபடியும் கேளுங்கள்: "போன வருஷம் துப்பின முருங்கைக்காய்ச் சக்கை எங்கே போச்சு?"

இந்த முறை வகுப்பு அமைதியாக இருக்காது. யாராவது ஒரு பிள்ளை தன் தட்டைக் காட்டும்.